மின்பெருக்கித் தகடும் தக்காளிச் சோறும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளிமலைச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றால், அருவி பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அத்தனை பேரும் மின்னொளி சித்தரைப் பார்க்கப் போகிறார்கள்.

இவர் மூலிகை சித்தர் அல்ல, பேட்டரி சித்தர். மின்சார வண்டிக்கு வயர் இல்லாமல், பிளக் இல்லாமல் சார்ஜ் ஏற்றுவார். அதற்கு வேண்டியவை இரண்டே இரண்டு: நம்பிக்கையும் ஐயாயிரத்து ஒரு ரூபாயும். நம்பிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சித்தர் பொறுத்துக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு முன் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் விற்ற கலையரசன்தான் இவர். கண்ணுக்குத் தெரியாததைத் தடுக்கும் பொருளை விற்றால், அது வேலை செய்யவில்லை என்று யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். அந்த ஞானம் பிறந்ததும் தாடி வளர்த்தார்.

சடங்கு எளிது. மலை உச்சியில், சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில் ஆசிரமம். அங்கே சிவப்புத் துணியில் சுற்றிய ‘மின்பெருக்கித் தகடு’ ஒன்றைக் கொடுத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்வார். “முப்பதைத் தாண்டாதே. ஆக்சிலேட்டரை மிதிக்காதே. என்னை நினைத்தபடி இறங்கு” என்பார். அடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கம், சீடர் வீரமுத்து மாலையும் செல்போனுமாகக் காத்திருப்பார். வண்டி வந்ததும் திரையைப் படம் பிடிப்பார். உச்சியில் ஐம்பத்தெட்டு சதவீதம் இருந்த சார்ஜ் அடிவாரத்தில் அறுபது! ஓடிய வண்டியில் சார்ஜ் கூடியிருக்கிறது! மாலைக்குள் அந்த வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றிவிடும். வண்டியே இல்லாத ஒருவர் தன் பவர்பேங்கைக் கொண்டுவந்து ஆசி வாங்கிப் போனார்.

இந்த வெள்ளத்தில் வந்து விழுந்தவர் அரிசி ஆலை முதலாளி தீனதயாளன். நின்ற இடத்திலிருந்து நாலே விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் தொடும் மின்சார எஸ்யூவி அவருடையது. நெல் மூட்டை பார்க்கப் போகிறவருக்கு அவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கக் கூடாது. முழு சார்ஜில் ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடும் என்றது கம்பெனி. ஓடியதோ முந்நூற்று முப்பது. மீதியை யார் தின்றது?

சித்தர் கண்ணை மூடித் திறந்தார்.

“வண்டி ஓட்டுற கை சரியில்ல. அந்தக் கை பேட்டரிய உறிஞ்சிக்கினு இருக்குது.”

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அவருடைய டிரைவர் விஜயலட்சுமி. எலவனாசூர்கோட்டைக்காரர். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன அம்மாவின் கைக்கு ஓய்வு கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். அதைச் சம்பாதித்த கையைத்தான் சாமியார் தோஷம் என்றார். விஜயலட்சுமிக்குக் கோபத்தில் காது மடல் சுட்டது.

“மொதலாளி, உளுந்தூர்பேட்ட ரோட்ல நீங்களே ஸ்டீயரிங் புடிச்சி, ஏசிய ஃபுல்லா வெச்சிக்கினு நூத்தி முப்பதுல போறீங்க. சார்ஜ் இன்னாத்துக்கு நிக்கும்? எண்பதுல போனா நானூத்தம்பது வரும். கம்பெனிக்காரன் சொன்னது ரோட்ல இல்லாம, ரோலர் மேல வெச்சி ஓட்டுன கணக்குங்க.”

“சித்தரவிட ஒனக்கு ஜாஸ்தி தெரியுமா? தகடு வெச்சி எறக்கிப் பாப்போம். சார்ஜ் ஏறிச்சின்னா சித்தர் சொன்னது நெசம். கொற ஒங்கைலதான். சாவியக் குட்த்துட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு.”

“போன மாசம் இங்க புளி வாங்கிக்கினு எறங்குறப்பவும் ரெண்டு பர்சென்ட் ஏறிச்சிங்க. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க.”

முதலாளி காதில் வாங்கவில்லை. சித்தரின் காலில் விழப் போய்விட்டார். இறங்கினால் சார்ஜ் ஏறும், ஏறினால் வேலை போகும். விஜயலட்சுமி தகட்டோடு தன் வண்டிக்கும் சித்தரின் ஜீப்புக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றார். அந்த ஜீப் ஓடுவது டீசலில். ஊருக்கெல்லாம் பேட்டரி ஏற்றுகிறவர் ஏன் டீசல் போடுகிறார் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பெரிய பக்தர் என்பதால் சித்தரே ஜீப்பில் பின்னால் வந்தார். உச்சியில் ஐம்பத்தெட்டு காட்டிய திரை அடிவாரத்தில் காட்டியது: அறுபது. வீரமுத்து மாலை போட்டார். கூட்டம் கைதட்டியது.

“தகடு பேசிடுச்சி!” என்றார் சித்தர்.

தீனதயாளன் கையை நீட்டினார். “சாவியக் குடு.”

“தர்றேன். தகட்ட எடுத்து ஒரு கும்புடு போட்டுட்டு வாங்கிக்குங்க.”

முதலாளி சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவிழ்த்தார். உள்ளே விஜயலட்சுமியின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். திறந்தால் தக்காளிச் சோறு.

“தகடு எங்க?”

“சாமி ஜீப்புல, சீட்டுக்கு அடியில கீது. டீசல் ஏறிருக்குதான்னு பாருங்க.”

வீரமுத்து தேடினார். தகடு இருந்தது. டீசல் ஏறவில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். சித்தர் சுதாரித்துக்கொண்டார்.

“என் பார்வ பட்ட சோறு அது!”

“ரொம்ப நல்லதுங்க சாமி. தகடு, சோறு, நீங்க மூணு பேரும் வண்டியிலயே இருங்க. இப்டியே மலைக்கி மேல போவோம். சார்ஜ் ஏறிச்சின்னா நானே வேலைய வுட்டுட்றேன்.”

“சக்தி கீழ்நோக்கித்தான் பாயும்...”

“தண்ணியும் அப்டித்தாங்க பாயுது. ஏறுங்க.”

கூட்டமே சித்தரை வண்டியில் ஏற்றிவிட்டது. வழியெல்லாம் வீரமுத்து திரையைப் படம் பிடித்தார். அவர் எடுத்ததிலேயே யாரையும் ஏமாற்றாத முதல் வீடியோ அதுதான். அறுபது, ஐம்பத்தேழு, ஐம்பத்து மூன்று. உச்சியில் ஐம்பது. சித்தர் கண்ணை மூடியே இருந்தார். மூடியிருந்த கண்ணால் சார்ஜைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

“சைக்கிள் டைனமோ பாத்திருக்கீங்கல்ல மொதலாளி? பள்ளத்துல எறங்கறப்ப சக்கரம் மோட்டார சுத்துது, கரண்டு வருது. மேல ஏறத் தின்னதுல கொஞ்சம் திரும்பக் கெடைக்கிது. அம்புட்டுதான். தகடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

தீனதயாளனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஐயாயிரத்து ஒன்றை நினைத்தா, காலில் விழுந்ததை நினைத்தா தெரியவில்லை. சாவிக்காக நீட்டிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்மா.”

“ஹைவேஸ்லயும் நாந்தான் ஓட்டுவேன்.”

“சரிம்மா.”

கலையரசன் மெதுவாகக் கேட்டார். “என்னையும் கீழ எறக்கி வுட்டுடுங்களேன். ஜீப்பு அங்க நிக்கிது.”

“பஸ்ஸு வரும் சாமி. டீசல் பஸ்ஸு” என்றார் விஜயலட்சுமி.

கலையரசன் உச்சியில் பஸ்ஸுக்குக் காத்திருக்க, அடிவாரத்தில் பணம் கட்டியவர்கள் ஜீப்பைச் சுற்றி அவருக்காகக் காத்திருந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எஸ்யூவி அடிவாரத்துக்கு வந்து நின்றதும், அதேபோல மின்சார வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். வீரமுத்து உச்சியிலிருந்தே அனுப்பிவிட்ட வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர்.

“யக்கா, அது தக்காளிச் சோறுதானே? எலுமிச்சஞ் சோறு வெச்சா கம்மியா ஏறுமா?”

விஜயலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒங்க வண்டில பேட்டரி எங்க கீது?”

“சீட்டுக்குக் கீழ.”

“மூள?”

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் வண்டிக் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் தேடத் தொடங்கினார்.

நீங்களாவது சரியான இடத்தில் தேடுங்கள்.