மெட்வே ஆற்றுச் சேற்றில் ஒரு சம்பந்தம்

தோர்ண்டன் ஹீத், லண்டன்.
செப்டெம்பர் 2009

மதிப்புக்குரிய மச்சான் யோகலிங்கம் அவர்களுக்கு,

சண்முகராசா எழுதிக்கொள்வது. ரொறன்ரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க விம்பிள்டன் பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதில் நானும் அடக்கம் என்பது சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை உறுதியில்லாமல் இருந்தது. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம், ஆனால் எங்கள் தொலைபேசி நடு ஹோலில் இருக்கிறது, நான் பேசும்போது உங்கள் தங்கை சுசிலா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துகிறாள். அவள் ஏற்கெனவே உங்களுக்கு எடுத்து, "இந்த மனுசனுக்கு மூளை பிசகிப் போச்சு அண்ணை" என்று சொல்லியிருப்பாள். தயவுசெய்து என் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் மகள் மயூராவுக்கு நீங்கள் பேசிக்கொண்டுவந்த சம்பந்தத்தில், பெடியன் பிரியந்தனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமைதியான பிள்ளை. கோயிலில் பெண் பார்த்த அன்று செருப்பைக்கூட இரண்டையும் நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். என் முறைப்பாடு அவனுடைய தகப்பன் குலசேகரத்தாரைப் பற்றியது. "ஜேர்மனியில் என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர், தங்கமான மனுசன்" என்று எழுதினீர்களே, அந்தத் தங்கமான மனுசன் மீன்பிடிக்கிறவர் என்று ஏன் எழுதவில்லை? ஜேர்மனியில் தூண்டில் போடுவதற்குச் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டுமாம். லண்டனுக்கு வந்த பிறகும் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மகன் பட்டம் வாங்கிய படம் குளியலறைக்குப் போகிற வழியில் தொங்குகிறது. நாங்கள் வீடு பார்க்கப் போன அன்றே, "ஞாயிற்றுக்கிழமை மெட்வே ஆத்துக்குப் போவம், சீ பாஸ் பிடிப்பம், என்னட்டை வள்ளம் இருக்கு" என்று அழைத்துவிட்டார். எனக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தான் என்றால் கடலுக்குள் பிறந்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நான் கொடிகாமத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். ஏதாவது குளத்தில் பிடிக்கலாமே, அங்கே அலை இராதே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "குளத்திலை பாஸ் இல்லை, அது உப்புத்தண்ணி மீன், ஆறு கடலிலை விழுற இடத்திலைதான் நிக்கும்" என்று பாடம் நடத்தினார். சுசிலாவோ, "போகாட்டில் அவை என்ன நினைப்பினம்" என்றாள். போனேன்.

ஞாயிறு விடிய அவரும் மனைவி பாலாம்பிகை அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், அக்கா சுசிலாவோடு நிற்பது என்றும் நாங்கள் இருவரும் காரில் போவது என்றும் ஏற்பாடு. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை தூண்டில் புழுக்கள் வெக்கைப்படக் கூடாது என்று அவர் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவை எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். அதே மாதிரியான டப்பாக்களில்தான் சுசிலா இடியப்பமும் இறால் பொரியலும் போட்டு வைத்திருந்தாள், லண்டனில் எந்தத் தமிழ் வீட்டில் ஐஸ்கிறீம் டப்பாவில் ஐஸ்கிறீம் இருக்கிறது மச்சான். ஒன்று சாப்பாடு, மற்றது புழு என்று நினைத்து நான் இரண்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். ஆற்றங்கரையில் அவர் திறந்து பார்த்தால் ஒன்றில் இடியப்பம், மற்றதில் இறால். அந்த நேரம் தோர்ண்டன் ஹீத்தில் சுசிலா, சம்பந்தி அம்மாவுக்கு இறால் பொரியல் வைக்கலாம் என்று மிச்ச டப்பாவைத் திறந்திருக்கிறாள். அதற்குள் இருந்தவை அவளை நிமிர்ந்து பார்த்தனவாம். பாலாம்பிகை அக்கா பழகியவர், "அது இவரின்ரை தூண்டில் சாமான் தங்கச்சி, மூடி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைத் தொடர்ந்து குடித்திருக்கிறார். உங்கள் தங்கை இப்போது குளிர்சாதனப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று நிற்கிறாள்.

வள்ளம் வள்ளம் என்றாரே, அது ஒரு பைக்குள் இருந்து வந்தது. காற்றடிக்கிற றப்பர் வள்ளம். பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் துள்ளுவதற்கு வைப்பார்களே, அதைவிடச் சிறியது. எனக்கு ஒரு செம்மஞ்சள் நிற லைஃப் ஜக்கெற்றைப் பூட்டினார், அதற்குப் பிறகு என்னால் கழுத்தைத் திருப்ப ஏலாமல் போய்விட்டது. புழு இல்லாதபடியால் சுசிலாவின் இறால் பொரியலையே தூண்டிலில் குத்தினார். ஒரு ஓடைக்குள் வள்ளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கனநேரத்துக்குப் பிறகு அவருடைய தூண்டில் வளைந்தது. வெள்ளிபோல ஒரு மீன், பாய்ந்து விழுந்து, வள்ளத்தைச் சுற்றி இழுத்து, கடைசியில் கைக்கு வந்தது. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, புளி கரைத்து வைக்கும்படி சுசிலாவுக்குச் சொல்லிவிட்டல்லவா வந்திருந்தேன். அவர் ஒரு அளவுகோலை எடுத்தார். மீனைப் படுக்கவைத்தார். பிறகு அதைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார்.

"என்ன செய்யிறியள்?"

"சட்டத்திலை சொன்ன நீளத்துக்கு ஒரு விரல் அளவு காணாது. விடவேணும்."

"இங்கை ஆர் பாக்கினம்?"

"நான் பாக்கிறன்."

வீட்டில் புளி ஊறிக்கொண்டிருந்தது. மீன் ஒருதரம் வாலை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்து, "வத்து முடிஞ்சுது, இனித் தண்ணி ஏறும்" என்றார். எனக்கென்னவோ தண்ணீர் இறங்குவதாகத்தான் பட்டது. சொன்னேன். "ஏறும்" என்றார். இரண்டு பக்கமும் சேறு வெளியே வந்தது, அதன்மேல் பறவைகள் நடந்து திரிந்தன, எங்கள் வள்ளத்தின் அடி மெத்தென்று எதிலோ குந்தியது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடல் வற்றும் நேரமும் பெருகும் நேரமும் போட்ட அட்டவணையை அடிக்குறிப்புவரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதிலை போட்டிருக்கிறது குளிர்கால நேரம். கோடையிலை இங்கை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுறவை, இப்ப ஒரு மணித்தியாலம் கூட்டிப் பாக்கவேணும்."

"கூட்டினீங்களோ?"

"இல்லை."

"இதை ஜேர்மனியிலை சோதினையிலை கேக்கேல்லையோ?"

"கேட்டவங்கள். சரியாத்தான் எழுதினனான்."

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். கார் நின்றால் தள்ளுகிறோம், வள்ளம் நின்றால் தள்ளக் கூடாதா என்று நினைத்தேன். அவர் "இறங்காதையுங்கோ" என்று சொல்லி முடிக்க முன்னர் ஒரு காலை வைத்துவிட்டேன், அதை மீட்பதற்காக மற்றக் காலையும் வைத்தேன். தொடைவரை போய்விட்டது. இழுக்க இழுக்க உள்ளே போகிறது மச்சான். பகிடி இல்லை. குலசேகரத்தார் வள்ளத்தின் விளிம்பில் வயிற்றால் படுத்து என் பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"இழுக்காதையுங்கோ. காலை மெல்ல மெல்ல ஆட்டுங்கோ."

"நான் போனால் மயூராவைப் பாத்துக்கொள்ளுங்கோ."

"பாக்கிறன். நீங்கள் காலை ஆட்டுங்கோ."

"சுசிலாவுக்குப் பிறஷர் இருக்கு."

"அதையும் பாக்கிறன். வலக்காலை ஆட்டுங்கோ."

ஆட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் பிடியை விடவில்லை. திடீரென்று போத்தலில் இருந்து மூடி கழன்ற மாதிரி நான் வள்ளத்துக்குள் அவர்மேல் வந்து விழுந்தேன். நான் மட்டும்தான் வந்தேன். சப்பாத்தும் கால்சட்டையும் மெட்வே ஆற்றோடு தங்கிவிட்டன. கால்சட்டைப் பைக்குள் என் பலசரக்குக் கடை ஷட்டரின் ஒரேயொரு திறப்புச் சாவி இருந்தது.

அதன் பிறகு தண்ணீர் வரும்வரை இருந்தோம். அவர் தன் சுவெற்றரைக் கழற்றி என் காலைச் சுற்றினார். மிஞ்சிய இறாலோடு இடியப்பத்தைச் சாப்பிட்டோம். நான் கேளாமலே சொன்னார்: "ஜேர்மனியிலை முகாமை விட்ட பிறகு நாங்கள் இருந்த ஊரிலை வேறை தமிழர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை கதைக்க ஒருத்தரும் இல்லை. ஆத்தங்கரையிலை தூண்டிலோடை இருந்தால், ஏன் தனிய இருக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்." நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் சேறு பட்டிருந்தது.

கரையில் நாயோடு நடந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களைக் கண்டு கரையோரக் காவலுக்கு அறிவித்திருக்கிறார். அவர்கள் வந்து, அசையாமல் இருங்கள், தண்ணீர் வருகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனம் கூடிவிட்டது. குலசேகரத்தார் கைபேசியில் சொல்லி, பிரியந்தனும் மயூராவும் மாற்றுடுப்போடு வந்து காருக்குள் காத்திருந்தார்கள். எங்கள் வள்ளம் மிதந்து கரைக்கு வந்ததும் சனம் கைதட்டியது. அவசரத்தில் மயூரா எடுத்து வந்தது என் கோயில் பட்டுவேட்டி. சரிகைக் கரையும் செம்மஞ்சள் ஜக்கெற்றுமாக நான் கரையேறிய காட்சியை யாரோ படம் பிடித்து இன்ரநெற்றில் போட்டிருக்கிறார்கள், குரோய்டனில் இருந்தெல்லாம் தொலைபேசி வருகிறது. ஷட்டரை வெட்டித் திறக்கிறவன் வரும்வரை கடை பூட்டுத்தான், பாலெல்லாம் திரைந்துவிட்டது.

ஆனபடியால் மச்சான், நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள், நீங்கள்தான் நிறுத்த வேண்டும். ஒரு விரல் குறைந்தது என்று மீனை விட்ட மனுசன், ஒரு மணித்தியாலம் குறைந்ததைக் கவனிக்கவில்லை. இவரோடு எப்படி முகூர்த்தம் குறிப்பது? சாதகம் பொருந்தவில்லை என்று சுசிலாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவாள், நான் சொன்னால் படத்தைக் காட்டுகிறாள்.

உங்கள் எல்லோருக்கும் தலைக்கு மேலே கூரையும் காலுக்குக் கீழே இறுகிய நிலமும் என்றும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
சண்முகராசா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மயூரா வந்து பக்கத்தில் இருந்தாள். "அப்பா, எனக்கும் பிரியந்தனுக்கும் சரிவராது. அண்டைக்குக் காருக்குள்ளை அவ்வளவு நேரம் இருந்தம், கதைக்க ஒண்டும் இல்லை. அவர் றேடியோவைப் போட்டோடனை ரெண்டு பேருக்கும் நிம்மதியாயிருந்தது" என்கிறாள். சண்டை ஒன்றும் இல்லையாம், இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்களாம். பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே குலசேகரத்தாருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்ப நாங்கள் வாற ஞாயிறு போறதோ, இல்லையோ?" என்று சின்னக் குரலில் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சாதகம் இதைவிடப் பொருத்தமாக அமையாது என்று மயூராவுக்கு உடனே எழுதுங்கள். அவள் கேட்காவிட்டால், சம்பந்தி என்று கூப்பிட்டுப் பழகிவிட்ட மனுசனை இனி என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றாவது எழுதுங்கள், ஞாயிறு விடிய அவர் காரோடு வாசலில் வந்து நிற்பார்.