பச்சைப் பொட்டு வாங்கிய சாரைப்பாம்பு

ஒரு காட்டில், மழை ஒழுங்காகப் பெய்யாவிட்டாலும் சட்டம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்த காட்டில், கோமதிநாயகம் என்ற சாரைப்பாம்பு வாழ்ந்து வந்தான். அவனுக்கு விஷம் கிடையாது. அவன் அப்பனுக்கும் கிடையாது, பாட்டனுக்கும் கிடையாது. அதை ஒரு குறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் நினைத்ததில்லை. விழுங்கப்படுகிற எலி, விஷம் உண்டா இல்லையா என்று விசாரிப்பதில்லை.

ஓடைக்கரையில் இருந்த பெரிய புற்றில் அவன் குடியிருந்தான். அந்த வருஷம் அவன் மனைவி ஆவுடையம்மாள் அங்கே முட்டையிட்டு, அதைச் சுற்றிப் படுத்திருந்தாள். பாம்பு முட்டையை இட்ட இடத்திலிருந்து உருட்டினால் உள்ளே இருக்கிற குட்டி பிழைக்காது. இந்த விவரம் தெரியாதவர்கள்தான் எந்தக் காட்டிலும் அதிகாரத்துக்கு வருகிறார்கள்.

காட்டு நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. இனிமேல் புற்று என்பது விஷப்பாம்புகளுக்கே. மற்ற பாம்புகள் மழைக்கு முன்னால் காலி செய்துவிட்டு வேலியோரம், வைக்கோற்போர் என்று வசதிப்பட்ட இடத்தில் இருந்துகொள்ளலாம். விஷம் உண்டு என்று நிரூபிக்கிற பாம்புக்கு நெற்றியில் பச்சைப் பொட்டு வைக்கப்படும். அழியாத சாயம்.

முன்பெல்லாம் விஷத்தேர்வு சுலபமாக இருந்தது. ஒரு தவளையைக் கடிக்க வேண்டும், தவளை செத்தால் தேர்ச்சி. தவளைகள் இதை ஆட்சேபித்தன. செத்தவை அல்ல, மிச்சமிருந்தவை. நிர்வாகம் நெடுநாள் யோசித்து, தேர்வைக் கம்ப்யூட்டர் கேமுக்கு மாற்றியது.

அந்த கேமின் பெயர் அரக்கன்கோட்டை. அதில் நமக்கென்று ஒரு வீரனை உண்டாக்கிக் கோட்டைக்குள் அனுப்ப வேண்டும். எதிரிகளைக் கொல்லக் கொல்ல லெவல் ஏறும். லெவல் ஏறினால் பாயிண்ட் கிடைக்கும். அந்தப் பாயிண்டைப் பலத்தில் போடலாம், கவசத்தில் போடலாம், விஷத்தில் போடலாம், அலங்காரத்தில்கூடப் போடலாம். கடைசியில் வருகிற அரக்கனை விஷத்தாலேயே சாகடிக்கிற பாம்புக்குப் பொட்டு. உயிர்ச்சேதமே இல்லாத தேர்வு. தவளைகள் கூட்டம் போட்டு நன்றித் தீர்மானம் நிறைவேற்றின.

தேர்வு அதிகாரி பரிபூரணத்தம்மா. அவர் ஓர் அழுங்கு, எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், உள்ளம் தங்கம். பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்டால் மட்டும் பந்தாகச் சுருண்டுகொள்வார்.

கோமதிநாயகம் அவரிடம் போய், "அம்மா, முட்டை பொரியுத வரைக்கும் மட்டும் அவகாசம் குடுங்க" என்று கேட்டான். பரிபூரணத்தம்மா சுருண்டுகொண்டார். அவன் ஓரமாகக் காத்திருந்தான். அவர் மெல்ல விரிந்ததும் மறுபடியும் அதையே கேட்டான். அவர் மறுபடியும் சுருண்டுகொண்டார். அலுவலகம் மூடுகிற நேரம்வரை இப்படியே போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் முட்டைகளை விட்டு அசையாமல் கேட்டாள்.

"அப்போ பொட்டு வாங்கிட்டு வாங்க."

"நமக்கு ஏது விஷம், ஆவுட?"

"நம்மகிட்டயா விஷம் கேக்காங்க? கேம்ல தான கேக்காங்க."

படித்தவர்கள் கூடிப் போட்ட சட்டத்தின் ஓட்டையை அவள் படுத்தபடியே கண்டுபிடித்துவிட்டாள்.

காட்டு எல்லையில் கைவிடப்பட்ட ஒரு செக்போஸ்ட் இருந்தது. அதில்தான் கேம் ஆடுகிற திரையை வைத்திருந்தார்கள். பாம்புக்குக் கையில்லையே, எப்படி ஆடும் என்று சிலர் கேட்கக்கூடும். பாம்பு பேசியபோது கேட்காதவர்கள் இப்போதும் சும்மா இருக்க வேண்டும். கோமதிநாயகம் வாலால் ஆடினான்.

அங்கே ஆட்டத்தில் கெட்டிக்காரன் இசக்கிமுத்து என்ற கீரி. கோமதிநாயகம் வந்த அன்று கோட்டை வாசலில் நின்ற ஒரு கோழியிடம் அடிபட்டுச் செத்தான். அடுத்த ஆட்டத்திலும் அதே கோழி. இசக்கிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வே, நான் சொல்லித் தாரேன். பொட்டு வாங்கித் தர வேண்டியது என் பொறுப்பு."

கீரி எதற்காகப் பாம்புக்கு உதவுகிறது? கோமதிநாயகம் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முட்டைக் கவலையில் இருக்கிறவனுக்குக் கொக்கு கூட அண்ணன்தான். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

கீரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. விஷப்பாம்பைக் கொன்ற கீரிக்குத்தான் பெண் கொடுப்பார்கள். விஷமில்லாத பாம்பைக் கொன்றால் கணக்கில் சேராது, கேவலமும்கூட. புதுச் சட்டம் வந்தபிறகு பொட்டில்லாத பாம்பைக் கொல்வது குற்றம் என்றும் ஆகிவிட்டது. இசக்கிமுத்துவுக்குக் கல்யாண ஆசை நிறைய, உயிர்மேல் ஆசை அதைவிட நிறைய. விஷப்பாம்புகளிலேயே விஷமில்லாத ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று நெடுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தான். கிடைக்காததால், ஒன்றைச் செய்துகொள்ளத் தீர்மானித்தான்.

"எல்லாப் பாயிண்டையும் விஷத்துலயே போடும்" என்றான்.

"கவசத்துல கொஞ்சம் போட்டுக்கிடட்டுமா? கோழி கொத்துது."

"அதுல ஒண்ணு இதுல ஒண்ணுன்னு போட்டா ரெண்டுங்கெட்டான் ஆயிருவீரு. கொத்தட்டும். விஷக்காரன் ஆரம்பத்துல அடிவாங்கத்தான் செய்வான். வாள் எடுத்தவனுக்கு வெட்டுன உடனே பலன் தெரியும். விஷம் அப்படி இல்ல. ஒரு கடி ஒண்ணும் செய்யாது. கடி மேல கடி ஏறணும். ஏறிட்டா, நீரு தூங்கினாலும் அது வேலை பாக்கும்."

"அதுவரைக்கும் எதிரி சும்மா இருப்பானா?"

"இருக்க மாட்டான். அதனால கடிச்சுட்டு ஓடணும். திரும்ப வந்து கடிக்கணும், திரும்ப ஓடணும். நின்னு மல்லுக்கட்டுனா செத்தீரு."

ஓடுவது சாரைப்பாம்புக்குப் பிறவிக்கலை. கோமதிநாயகத்துக்கு முதன்முறையாக நம்பிக்கை வந்தது. கோழி செத்தது. கோழிக்குப் பின்னால் நின்ற ஓநாய் செத்தது. நடுவில் கற்சிலைகள் வந்தன. எத்தனை கடித்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கல்லுக்கு ரத்தமே கிடையாதே, எப்படி விஷம் ஏறும்?"

"அதுக்குத் தனியா ஒரு ஸ்கில் இருக்கு. பாயிண்ட் போட்டா ரத்தம் இல்லாததுக்கும் ஏறும்."

போட்டான், ஏறியது. கல் பச்சையாகிச் சரிந்தது. கோமதிநாயகம் வீட்டுக்குப் போய் அதை மனைவியிடம் சொன்னான். தன் குலத்தில் ஒருவனும் ஒரு கல்லைக்கூடக் கொன்றதில்லை என்றான்.

இந்தச் சமயத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் செக்போஸ்டுக்கு வந்தார். அவர் நல்லபாம்பு. மேட்டுப்புற்றில் பரம்பரையாக இருப்பவர். அவர் வருகிறார் என்றால் காடே வழிவிடும். கோமதிநாயகம் மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, விஷத்துல பாயிண்ட் போடணுமாம்."

"நானா? எனக்குப் பொறந்ததுலேருந்தே இருக்குடே. இருக்கதுலயே கொண்டுபோய் எவனாவது பாயிண்ட் போடுவானா?"

எல்லாப் பாயிண்டையும் படமெடுக்கிற அலங்காரத்தில் போட்டார். கேமில் அவருடைய வீரனுக்குத் தங்கக்கரை போட்ட படம் வந்தது. அதை விரிக்கும்போதெல்லாம் நாதஸ்வரம் கேட்டது. நாலுபேர் கைதட்டினார்கள்.

தேர்வு நாள் வந்தது. முதலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி. நாதஸ்வரம் முழங்க அரக்கன்முன் போய்ப் படமெடுத்து நின்று கடித்தார். அரக்கன் தலைக்குமேல் பூஜ்யம் என்று வந்தது. மறுபடி கடித்தார், மறுபடி பூஜ்யம். அரக்கன் அவர்மேல் உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்தது.

"மெஷின்ல கோளாறு" என்றார் அண்ணாச்சி. "வேணும்னா இங்க யாரையாவது கடிச்சுக் காட்டுதேன்."

யாரும் முன்வரவில்லை. பரிபூரணத்தம்மா சுருண்டுகொண்டார்.

அடுத்து கோமதிநாயகம். அவன் வீரனுக்கு அலங்காரம் ஒன்றுமில்லை, பார்த்தால் பஞ்சத்தில் அடிபட்டவன்போல இருந்தான். கணுக்காலில் ஒரு கடி கடித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஓடினான். வந்தான், கடித்தான், ஓடினான். அரக்கன் கோடாலியால் எல்லாத் தூணையும் உடைத்தான், அவன் இல்லாத தூணாகப் பார்த்து. கொஞ்சம் கொஞ்சமாக அரக்கன் பாதம் பச்சையானது, முழங்கால் பச்சையானது. தலை பச்சையானபோது கோமதிநாயகம் திரையின் மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தான். அரக்கன் விழுந்தான்.

பரிபூரணத்தம்மா விரிந்து, தன் கையாலேயே கோமதிநாயகத்தின் நெற்றியில் பச்சைப் பொட்டு வைத்தார். சங்கரலிங்கம் அண்ணாச்சி விஷமற்றவர் என்று அறிவிக்கப்பட்டு மேட்டுப்புற்றைக் காலி செய்தார். ஓடையோரத் தாழம்புதரில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இசக்கிமுத்து ஓடைக்கரைப் புற்றின் வாசலுக்கு வந்தான்.

"பொட்டு எடுப்பா இருக்கு வே."

"எல்லாம் உம்ம புண்ணியம். உள்ள வாரும்."

"நீரு வெளிய வாரும். சண்டை போடணும்."

கோமதிநாயகம் விளையாட்டென்று நினைத்தான். கீரியின் பல்லைப் பார்த்தபிறகு அப்படி நினைக்கவில்லை.

"எனக்கு விஷம் இல்லேன்னு உமக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். பொண்ணு வீட்டுக்குத் தெரியாதுலா."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கோழியைக் கொல்லச் சொல்லித் தந்தவன். ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. கீரி தன்னைக் கொன்றால் அதோடு போகாது. அடுத்து புற்றுக்குள் நுழையும். கீரிக்குப் பாம்பு முட்டை என்றால் கல்யாணச் சாப்பாடு.

உள்ளேயிருந்து ஆவுடையம்மாள் சொன்னாள். "ஏங்க, நின்னு மல்லுக்கட்டாதீங்க. கடிச்சுட்டு ஓடுங்க."

அவன் கீரியின் காலைக் கவ்விவிட்டு ஓடினான். புற்றைச் சுற்றினான், பனையைச் சுற்றினான், திரும்பி வந்து வாலைக் கவ்வினான், ஓடைக்குள் இறங்கி அக்கரையில் ஏறினான். கடி ஒன்றும் செய்யவில்லை. இசக்கிமுத்துவும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் செக்போஸ்டில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு, வெயில் ஏற ஏற மூச்சு வாங்கியது. உச்சிப்பொழுதில் கீரி நின்றுவிட்டான்.

"நல்லாத்தான் கத்துக்கிட்டீரு" என்றான். "நாளைக்கு வாரேன். எங்க போயிருவீரு? முட்டை இங்கதான இருக்கு."

தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனான். தாழம்புதர் நிழலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி சுருண்டு படுத்திருந்தார். இசக்கிமுத்து அவர் நெற்றியைப் பார்த்தான். பொட்டு இல்லை. நிழல் குளுமையாக இருந்தது. அவர்மேலேயே தலையை வைத்துப் படுத்தான்.

"தள்ளிப் படுடே" என்றார் அண்ணாச்சி. "நான் நல்லபாம்பு."

"இருந்தீரு. நேத்தோட போச்சு."

அண்ணாச்சி அவன் கழுத்தில் கடித்தார்.

இசக்கிமுத்து கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். பாம்பு கடித்தால் கீரிகள் தேடிப்போய் மெல்லுகிற பச்சிலை ஒன்று உண்டு என்பார்கள். அது எட்டுகிற தூரத்திலேயே முளைத்திருந்தது. மகா கசப்பு. பரீட்சையில் பூஜ்யம் வாங்கிய பாம்பின் கடிக்கு அதை மெல்ல வேண்டுமா என்று யோசித்தான். ஒரு பொட்டு பொய்யென்று அவனுக்குத் தெரியும், அவனே வாங்கிக்கொடுத்தது. பொட்டு இல்லாததும் பொய்யாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடினான். பிறகு திறக்கவில்லை.

பரிபூரணத்தம்மா வந்து விசாரித்தார். உடம்பில் காலிலிருந்து வால்வரை பல கடிகள், கழுத்தில் ஒன்று. பக்கத்தில் படுத்திருந்த சங்கரலிங்கத்துக்குப் பொட்டு இல்லை, ஆகவே அவர்மேல் சந்தேகப்பட இடமில்லை. கோமதிநாயகத்தின் விஷம் மெதுவாக ஏறும் என்பதைத் தேர்விலேயே எல்லோரும் பார்த்தார்கள். கடி மேல் கடி ஏறிச் செத்திருக்கிறது என்று தீர்ப்பானது. சட்டப்படி நடந்த சண்டை, குற்றமில்லை. அந்தப் பக்கம் கீரிகள் வருவதே நின்றுபோனது.

அந்த வாரமே முட்டைகள் பொரிந்தன. குட்டிகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டியதைப் பார்த்து ஆவுடையம்மாள் அழுதாள். கோமதிநாயகம் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் மனசில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. தாழம்புதருக்குப் போனான்.

"அண்ணாச்சி, அது உங்க கடின்னு எனக்குத் தெரியும். குட்டிகளும் இனி ஊர்ந்து பொழச்சுக்கிடும். நான் போய் உண்மையைச் சொல்லிருதேன். பொட்டு உங்களுக்குத்தான் சேரணும்."

அண்ணாச்சி பதறிவிட்டார்.

"கிறுக்கா. வாயைத் திறந்த, உன்னையும் கடிப்பேன். எனக்கு விஷம் உண்டுன்னு தெரிஞ்ச காலத்துல ஒரு பய பக்கத்துல வந்ததில்ல. பாதிநாள் பட்டினி. இப்போ பாரு."

பார்த்தான். அண்ணாச்சி கொழுத்திருந்தார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு தவளை தத்தி வந்து, பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துத் திருப்திப்பட்டு, வெயில் காய அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்தது.

கோமதிநாயகம் மரியாதையாகத் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நாளில் தவளைகள் மறுபடி கூட்டம் போட்டன. கூட்டத்துக்கு வந்தவை குறைவு. கோமதிநாயகத்தின் விஷம் இப்போது கடிக்காமலேயே ஓடைவரை ஏறுகிறது, அவன் புற்றைத் தூரமாக மாற்ற வேண்டும், அதுவரை பாதுகாப்புக்காக நாங்கள் தாழம்புதரில் தங்க அனுமதி வேண்டும் என்று தீர்மானம் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோயின. பரிபூரணத்தம்மா புற்றை மாற்றுவது பற்றிக் கேட்டதும் சுருண்டுகொண்டார். தாழம்புதருக்கு மட்டும் உடனே அனுமதி கொடுத்தார்.

நீதி: விஷம் இருப்பவனுக்குப் பொட்டு வேண்டாம், பொட்டு இருப்பவனுக்கு விஷம் வேண்டாம், கடிபடப் போகிறவன்தான் இரண்டையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.