மன்னிப்பு ஓட்டம்

சிவப்பு விளக்கிலேயே சாலைக்குள் பாய்கிறவரை உங்களுக்குத் தெரியும். பச்சை வரும்வரை ஆணியடித்தாற்போல் நிற்கிற பொறுமைசாலியையும் தெரியும். இங்கே அறிமுகமாகப் போகிறவர் இந்த இரண்டிலும் சேராத ஒரு தனிப் பிறவி: பச்சையில் போய்க்கொண்டே மன்னிப்புக் கேட்கிறவர்.

அவருக்காகத்தான் பச்சை எரிகிறது. அவருக்காகத்தான் வண்டிகள் நிற்கின்றன. வெள்ளைப் பட்டைகள் அவர் காலுக்காகவே போட்டவை. ஆனாலும் பாதிச் சாலை வந்ததும் அவருக்கு என்னவோ ஆகிவிடும். நிற்கிற காரின் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ ஒருவர் சும்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். அதைக் கண்டதும் இவருடைய வலது கை மார்பளவுக்கு எழும்பும், தலை லேசாகச் சாயும், உதட்டில் ஓர் அசட்டுச் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும், முழங்கால்கள் இரண்டும் யாரையும் கேட்காமல் ஒரு குலுக்கல் ஓட்டத்தைத் தொடங்கிவிடும். "இதோ போயிட்டேங்க, இதோ ஆச்சு!" அந்தக் கரை ஏறியதும் திரும்பிப் பார்த்து ஒரு நன்றித் தலையாட்டல் வேறு. யாருக்கு நன்றி? சிவப்புக்கு நின்றவருக்கு!

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடைக்குள் அவர் புலி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொய்யாய் எழுத்து வாசிக்கிறவர்களை, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, பரீட்சையா எழுத வந்தீங்க?" என்று அதட்டுவார். அதே ஆள் வாசற்படி தாண்டி வெள்ளைப் பட்டையில் கால் வைத்துவிட்டால் எலி.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அவர் மனைவிக்குத்தான் நஷ்டம். அந்த அம்மாளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதமாகிறது. தினமும் அரைமணி நேரம் நடந்தால்தான் கால் மடங்கும், இல்லாவிட்டால் விறைத்தது விறைத்தபடி நின்றுவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நடக்கத் தோதான பூங்கா எதிர்ப்பக்கம் இருக்கிறது. நடுவில் ஆறு வண்டிகள் ஒரே நேரத்தில் போகக்கூடிய சாலை. நடப்பவர்களுக்கான பச்சைப் பொம்மை எரிவது பதினான்கு விநாடி. ஊன்றுகோலோடு அவளுக்குத் தேவை இருபத்து மூன்று. இரண்டு முறை நடுச்சாலையில் மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் லாரி உரச, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதன்பிறகு மூன்று வாரமாகப் பூங்காவை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. கால் விறைக்கத் தொடங்கிவிட்டது.

கடைக்காரருக்கு மனசு பொறுக்கவில்லை. நாற்பத்தாறு கையெழுத்து வாங்கி மனு எழுதினார். ஆச்சரியம், சாலைத் துறையிலிருந்து பதிலும் வந்தது: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு அதிகாரி வந்து, சாலையைக் கடக்கும் ஐம்பது பேருக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார், அந்தச் சராசரிப்படி பச்சையின் நேரம் திருத்தப்படும்.

திங்கட்கிழமையே கடையில் கூட்டம் போட்டார். மருந்துக்கடை அண்ணன், தையற்கடை அக்கா, தபால்காரர், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் என்று கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் வந்து கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றார்கள்.

"நாளைக்கு யாரும் ஓடக்கூடாது. வீட்டுல ஒரு அறையிலேருந்து இன்னொரு அறைக்கு எப்படிப் போவீங்க? அப்படிப் போங்க. எங்க வீட்டம்மா காலு உங்க கையில இருக்கு."

"எங்க காலுலன்னு சொல்லுங்க" என்றார் தையற்கடை அக்கா. சிரிப்பு அடங்கியதும் ஒத்திகை நடந்தது. ஆளுக்கொரு தடவை கடையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து காட்டினார்கள். எல்லோருமே மகாராஜா நடை நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. அதிகாரி எதிர்க்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் ஸ்டாப்வாட்சும் மடியில் நோட்டுமாக உட்கார்ந்தார். பச்சை எரிந்தது. முதலில் மருந்துக்கடை அண்ணன். பாதிவரை மகாராஜா. அப்புறம் ஒரு வெள்ளைக் காரின் ஓட்டுநர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்; ஹாரன்கூட அடிக்கவில்லை. அண்ணனின் கை எழும்பியது, முழங்கால் குலுங்கியது. ஒன்பது விநாடி. தையற்கடை அக்கா எட்டு. தபால்காரர் பையைப் பிடித்துக்கொண்டு ஏழு. சராசரி என்றால் என்ன என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற கணக்கு டீச்சர், செருப்பு ஒன்று கழன்றதுகூடத் தெரியாமல் எட்டில் கரையேறினார்.

கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. இதுகளை நம்பினேனே! நடப்பது எப்படி என்று காட்டுகிறேன் பார் என்று, நாற்பத்தொன்பதாவது ஆளாகத் தானே இறங்கினார். ஓர் அடி, இரண்டடி, மூன்றடி. பெருமிதமாகத்தான் போனார். பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போடுவது கண்ணில் பட்டது. பிறகு நடந்தது அவருக்கே நினைவில்லை. எதிர்க்கரையில் நின்று மூச்சு வாங்கும்போது அதிகாரி நிமிர்ந்து, "ஏழரை செகண்டு! இந்த வயசுல என்ன சுறுசுறுப்பு சார்!" என்றார்.

"தேங்க்ஸ்ங்க" என்றார் கடைக்காரர். வெட்கம்கெட்ட மனிதர், அதில் கொஞ்சம் பூரித்தும் போனார்.

ஐம்பதாவது ஆள், அதே பச்சையில் அவருக்குப் பின்னால் இறங்கிய அவர் மனைவி. ஊன்றுகோல், ஓர் அடி; ஊன்றுகோல், ஓர் அடி. நடுச்சாலைக்கு வரும்போதே பச்சை அணைந்துவிட்டது. கடைக்காரரின் இரண்டு கைகளும் சேர்ந்தே எழும்பின. இடப்பக்க வண்டிகளிடம், "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க!" வலப்பக்க வண்டிகளிடமும் அதே. பிறகு மனைவியைப் பார்த்து, "கொஞ்சம் எட்டி வையேம்மா! எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!"

அவள் நின்றாள். நடுச்சாலையில், ஆறு வண்டிகளுக்கு நடுவில், நின்றேவிட்டாள்.

"யாருக்காகங்க மனு எழுதினீங்க? எனக்கா, அவங்களுக்கா?"

அவருடைய கைகள் தாமாகவே இறங்கின. அவள் மறுபடி நடந்தாள், அதே வேகத்தில். யாரிடமும் கை காட்டவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வண்டிகள் நின்றன. வானம் இடிந்து விழவில்லை. பேருந்து ஓட்டுநர் இன்னும் தாளம்தான் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ பாட்டு ஓடியது போலிருக்கிறது.

பத்து நாளில் கடிதம் வந்தது. பொதுமக்கள் சராசரியாக எட்டரை விநாடியில் சாலையைக் கடப்பதால் பதினான்கு விநாடி என்பது தேவைக்கு அதிகம், ஆகவே பன்னிரண்டாகக் குறைக்கப்படுகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி.

அன்று மாலையே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, பூங்காவுக்கு" என்றாள். இப்போது தினமும் இருவரும் சேர்ந்துதான் கடக்கிறார்கள். நடுவழியில் சிவப்பு வரும், வண்டிகள் உறுமும், அவளுடைய இருபத்து மூன்று விநாடி இப்போது இருபதாகியிருக்கிறது. வலக்கையில் ஊன்றுகோல், இடக்கையால் அவருடைய வலது கையை இறுக்கிப் பிடித்திருப்பாள். அவர் அவளைத் தாங்கி அழைத்துப் போவதாகப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கை மேலே எழும்பிவிடாமல் அவள்தான் பிடித்துவைத்திருக்கிறாள் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த மனு தயாராகிறது, மறுபடி அளக்கச் சொல்லி. இந்த முறை எழுதுவது அவள். இன்னும் ஐம்பது பேர் வேண்டும். கடைக்காரரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, நீங்கள் வருகிறீர்களா? வருவதாக இருந்தால் ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்: இன்று காலை உங்களுக்காக ஒரு கார் நின்றபோது, உங்கள் வலது கை எங்கே இருந்தது?