புதன்கிழமைத் துக்கம்

பெரியப்பாவைச் சாகடித்துவிட்டுக் கல்லூரியின் விசாப் பிரிவு அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று நம் ஆளுக்கு உறைத்தது.

திட்டமிட்டுச் செய்த காரியம் இல்லை. திங்கட்கிழமை ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டுக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. மாணவர் விசாவில் வந்தவன் ஒழுங்காக வகுப்புக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கல்லூரி குடிவரவுத் துறைக்குச் சொல்லும். துறை பெட்டியைக் கட்டச் சொல்லும். விதி அவ்வளவுதான்.

உண்மைக் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் "பை வேணுமா?" என்று கேட்டதற்குப் பிறகு அவனோடு யாரும் பேசவில்லை. திங்கள் காலையில் முழிப்பு வந்தது. எழுந்திருக்க ஒரு காரணம் தேடினான், அகப்படவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். இதைப் போய் ஒரு அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? விசாப் பிரிவில் இருந்த தமிழ்க்கார மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பெரியப்பா தவறிட்டார்."

அப்பாவைச் சொல்ல மனசு வரவில்லை. அம்மாவைச் சொல்ல நாக்கு புரளவில்லை. பெரியப்பாதான் திடகாத்திரமான மனிதர், தாங்கிக்கொள்வார் என்று தோன்றியது.

மேடம் கணினியில் ஏதோ தட்டினார். தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டான். "பார்க்கலாம்" என்றார். வீட்டில் யாரையாவது இழந்த மாணவர்கள் புதன்கிழமை சாயங்காலம் கீழ்த்தள அறையில் கூடிப் பேசுவார்கள், அவசியம் வர வேண்டும், டீ தன் பொறுப்பு என்றும் சொன்னார்.

போகாவிட்டால் சந்தேகம் வருமே என்று போனான்.

நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. மீசைக்காரன் ஒருவன் தாத்தாவை இழந்திருந்தான். போர்வையும் கையுமாக இருந்த பெண்ணுக்குப் போனது நாய். ஆனால் அழுகையில் அவள்தான் எல்லாருக்கும் சீனியர். நம் ஆளின் முறை வந்தது. பெரியப்பாவைப் பற்றி உருக்கமாகச் சொல்ல என்ன இருக்கிறது? அறையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை அணைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர். வழியனுப்ப வந்த அன்றுகூட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதையே சொன்னான்.

"'சாக்ஸ் எடுத்துக்கிட்டியா'ன்னு கேட்டார்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். நடிப்பு இவ்வளவு சுலபமாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. போர்வைப் பெண் பாதிப் போர்வையை அவன் மேல் போட்டாள். மீசைக்காரன் தன் பிஸ்கட்டை நீட்டினான்.

அடுத்த புதன்கிழமை, அவனுக்கென்று ஆடாத நாற்காலியாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் மீசைக்காரன் அவனுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தான். சட்டியைச் சுரண்டவும் கற்றுக்கொடுத்தான். செத்தவர் புண்ணியத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மனிதக் குரல் கேட்டது.

அப்போதுதான் இரண்டாவது மின்னஞ்சல் வந்து இறங்கியது. தங்கள் படிப்புச் செலவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர் இறந்துவிட்டதாக அறிகிறோம். வேறு ஸ்பான்சரைக் காட்டாவிட்டால் விசா மறுபரிசீலனை செய்யப்படும்.

நம் ஆள் தலையில் கை வைத்துக்கொண்டான். விசாவுக்கு ஸ்பான்சர் கடிதம் கொடுத்ததே பெரியப்பாதான். வீட்டில் அத்தனை பேர் இருக்க, தேடிப் பிடித்து அவரையா கொல்ல வேண்டும்?

மேடத்திடம் ஓடினான். செத்தது வேறு பெரியப்பா, ஸ்பான்சர் பெரியப்பா உயிரோடு இருக்கிறார் என்றான். ஒரே பெரியப்பா என்றுதானே புதன்கிழமை சொன்னீர்கள் என்று மேடம் நினைவுபடுத்தினார்.

"ரெட்டைப் பிள்ளைங்க மேடம். அதனால வீட்ல ஒருத்தராவே எண்ணிப் பழகிட்டோம்."

மேடத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "பார்க்கலாம்" என்றார்.

விஷயம் வட்டத்துக்கும் தெரிந்து, அனுதாபம் இரட்டிப்பாகிவிட்டது. போட்டோ காட்டச் சொன்னார்கள். பெரியப்பா தனியாக நிற்கும் படம் ஒன்றுதான் போனில் இருந்தது.

"இவர் செத்தவரா, இருக்கிறவரா?" என்றான் மீசைக்காரன்.

"நிக்கிறவர் செத்தவர். போட்டோ எடுத்தவர் இருக்கிறவர்."

அன்று அறைக்குத் திரும்பியதும், ஊரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாகத் தானே பெரியப்பாவுக்குப் போன் போட்டான். உண்மையைச் சொல்லிவிடத்தான் போட்டான். உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"எனக்கென்னடா, இருக்கிற மாதிரியேதான் இருக்கேன். என்னைப் பத்திக் கவலைப்படாம உன் வேலையைப் பாரு. புது சாக்ஸ் வாங்கினியா?"

வைத்துவிட்டார். குரலில் ஒரு மாதிரி சிரிப்பு இருந்ததோ என்று பட்டது. லைன் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அடுத்த புதன்கிழமை அவன் போனபோது மேசை மேல் பெரிய அனுதாப அட்டை ஒன்று இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போர்வைப் பெண் ஓரத்தில் தன் நாயின் படத்தையும் வரைந்திருந்தாள். பெரியம்மாவுக்கு அனுப்பப் போகிறார்களாம். வீட்டு விலாசத்தைத்தான் அவனிடம் கேட்டார்கள்.

பெரியம்மா உறையைப் பிரிப்பதும், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் பெரியப்பா "யாருக்கு என்னவாம்?" என்று எட்டிப் பார்ப்பதும் அவன் கண் முன்னால் வந்து போயின.

விலாசத்தை அப்புறம் தருவதாகச் சொல்லி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். எல்லாரும் போகும்வரை காத்திருந்தான். மேடம் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். யாரும் சாகவில்லை. ரெட்டையும் இல்லை. அன்று திங்கட்கிழமை எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, பேச ஒரு ஆளில்லை, அவ்வளவுதான். இனிமேல் புதன்கிழமையும் கிடையாது என்ற நினைப்புதான் விசாவைவிட அதிகமாக வலித்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

"நான் ஊருக்குப் போகணுமா, வேண்டாமா? நேராச் சொல்லிடுங்க மேடம்."

மேடம் குழாயை மூடினார்.

"வேண்டாம். ஒரு வகுப்புக்கு வரலன்னு யாரையும் அனுப்ப மாட்டாங்க. ஸ்பான்சர் மெயில் கம்ப்யூட்டர் தானா அனுப்பினது, அதையும் ரத்து பண்ணியாச்சு. அடுத்த புதன்கிழமை வந்துடுங்க. அந்த ரெட்டைப் பிள்ளைதான் கொஞ்சம் ஓவர்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஸ்பான்சர் தவறிட்டார்னா அன்னைக்கே அந்த வீட்டுக்குப் பேசிக் கேக்கணும், அது விதி." மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். "பேசினேன். உங்க பெரியப்பாவே எடுத்தார். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். அப்புறம், 'பையன் அங்க பேச ஆளில்லாம கிடக்கான் போலிருக்கும்மா, நாலு பேரோட உக்காரட்டும், நான் செத்ததாவே இருந்துட்டுப் போறேன்'னார்."