கோராகின் வழுக்கையும் எங்கள் சம்பந்தமும்

பெருமதிப்புக்குரிய பெரியண்ணன் அவர்களுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

நம் பையனுக்குப் பெண் பேசி முடித்தாகிவிட்டது. முடிந்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். நம் வம்சத்தில் முப்பது தாண்டிய எந்தத் தலையிலும் முடி நின்றதில்லை, தெருவே நம்மை ‘மொட்டை வீட்டுக்காரங்க’ என்கிறது. பெண்ணோ கல்லூரியில் எபிரெய மொழி சொல்லிக்கொடுப்பவள். மானம் போகக் கூடாதென்று பையனுக்கு ஒரு விக் வாங்கி மாட்டிவிட்டேன். “வேணாம்பா, அரிக்குது” என்று அவன் கெஞ்சியும் விடவில்லை. பெண்ணோடு வந்த பெண் வீட்டாருக்கு வியர்க்கிறதே என்று அவன் குனிந்து மேசை விசிறியைப் போட்டான் பாருங்கள், விக் எழும்பி நேராகச் சம்பந்தி மடியில் போய் உட்கார்ந்தது. அவர் “ஐயோ, பூனை!” என்று சோபாமேல் ஏறிவிட்டார். உங்கள் தம்பி பெண்டாட்டி பதறிப்போய், “பூனை இல்லீங்க, எங்க பையன் முடிதாங்க!” என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலில் தலையை நீட்டி, “மொட்டை வீட்ல என்னப்பா சத்தம்?” என்று கேட்டுத் தொலைத்தார். நான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

பெண் விக்கை எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்தாள். “மொட்டை வீடா? பைபிள்லயே அப்படி ஒரு குடும்பம் இருக்கு மாமா. எபிரெயத்துல கோராகுன்னா வழுக்கை. அவன் வம்சமே கோராகியர்தான்.”

சம்பந்தி சோபாவிலிருந்து இறங்காமலே, “கடவுளை எதிர்த்தான்னு பூமி வாயைத் தொறந்து முழுங்குச்சே, அந்த ஆளா?” என்றார்.

“அவனைத்தான் முழுங்குச்சு. பிள்ளைங்க சாகலன்னு எண்ணாகமத்துலயே இருக்குப்பா. அந்த வம்சம்தான் அப்புறம் ஆலயத்துல பாடுச்சு. பைபிள்ல சங்கீதப் பாட்டுங்களுக்கு மேல அவங்க பேரு போட்டிருக்கே, பார்த்ததில்ல? தோலான்னு இன்னொருத்தன், அந்தப் பேருக்குப் புழுன்னு அர்த்தம். தோலாவியர்னா புழு வீட்டுக்காரங்க. பெகேர்னா ஒட்டகக் குட்டி. ஜனத்தை எண்ணுறப்ப அத்தனை பேரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நின்னாங்க, யாரும் மறைக்கல.” பிறகு பையன் பக்கம் திரும்பி, “நீங்க எதுக்கு மறைச்சீங்க?” என்றாள்.

“அப்பாதான்...” என்று என்னைக் கைகாட்டினான், படுபாவி.

“இப்பதான் முகமே தெரியுது. எனக்குச் சம்மதம்பா, இறங்குங்க.”

என்ன படிப்பு, என்ன துணிச்சல் அண்ணா! கூச்சப்பட்டே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை யாரோ “மொட்டை வீட்டுக்காரரே” என்று கூப்பிட, ஏதோ பட்டம் கொடுத்தாற்போல நிமிர்ந்து நின்றேன். கல்யாணத்துக்கு நம் ஆட்கள் அத்தனை பேரும் தலை பளபளக்க வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அண்ணிக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

உங்கள் அன்புத் தம்பி

பி.கு.: மருமகள் இப்போதுதான் போன் செய்தாள். கோராகு என்ற பேரின் அதே எபிரெய எழுத்துகளுக்கு உறைபனி என்றும் பொருள் உண்டாம். “வழுக்கைதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது மாமா” என்கிறாள். “அம்மா தாயே, கல்யாணம் முடியிற வரைக்கும் அது வழுக்கையாவே இருக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.