கோமாளி மீனுக்கு வந்த விசாரணை

“எக்கா, எனக்க வீட்டப் பத்தி போன்ல என்னத்தச் சொன்னிய?”

“கேட்டதுக்குச் சொன்னேன். அதுக்கு எதுக்கு மதிலுல ஏறி நின்னு கத்துற?”

“ட்ரெட்மில்லுல மொளகா காயப் போட்டிருக்கதையுமா சொல்லணும்?”

“பின்ன, நெல்லுன்னா சொல்ல முடியும்?”

நாகர்கோவிலில் மதிலுக்கு இரு புறமும் நின்று நடந்த சண்டைகள் ஆயிரம். இயற்கையைக் காப்பதற்காக நடந்த முதல் சண்டை இதுவே என்று வரலாறு ஒருநாள் எழுதியே தீரும்.

மதிலில் ஏறி நின்ற எபிசன் கத்தாரிலிருந்து திரும்பியவர். அவர் மகள் ஜினியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவர்கள் உட்காரும் சோபாவுக்கு எதிரே, கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் நீந்தியாக வேண்டும். தொட்டி வந்துவிட்டது, விளக்கும் எரிகிறது. மீன்தான் இல்லை.

விஷம் தெளித்துக் கடலில் பிடித்த மீனை எபிசன் தொடமாட்டார். கொச்சியில் ஒரு ‘பொறுப்புள்ள’ கடையைக் கண்டுபிடித்திருந்தார். அங்குள்ளவை தொட்டியிலேயே முட்டையிலிருந்து பொரிந்து, தொட்டியிலேயே வளர்ந்தவை. கடலைக் கண்ணால் கண்டிராத உத்தமமான கடல் மீன்கள். ஒரு பஸ் ஏறினால் மண்டைக்காட்டுக் கடல். எபிசனோ வீட்டில் உப்புப் பொட்டலம் கரைத்துக் ‘கடல்நீர்’ தயாரித்தார்.

பொறுப்புள்ள கடை, கண்டவருக்கு மீன் கொடுக்காது. பக்கத்து வீட்டில் விசாரிக்கும். அப்படித்தான் மதிலுக்கு இந்தப்புறத்து ராகேலுக்குப் போன் வந்தது.

முப்பது வருடமாக அந்தத் தெருவில் ராகேலிடம் கேட்காமல் ஒரு சம்பந்தமும் முடிந்ததில்லை. பெண் இருக்கும் வீட்டைப் பற்றி அயலூர்க் குரல் ஒன்று விசாரித்தால் வேறென்னவாக இருக்கும்? கொச்சியில் மீன்கடை என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் மீன் எக்ஸ்போர்ட் பார்ட்டி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

“அந்த வீட்ல சத்தம் உண்டா?”

“எபிசன் வாய் திறந்தா கத்தாருக்குக் கேக்கும்.”

“ஏத்துக்கிட்டதக் கடைசிவரை பாத்துக்குவாங்களா?”

“மூணு மாசம் பாப்பான். ட்ரெட்மில்லுல இப்ப மொளகா காயுது.”

“கரண்ட் போனா என்ன செய்வாங்க?”

“விசிறுவாவ.”

இவ்வளவு அக்கறையான மாப்பிள்ளை வீட்டாரை ராகேல் வாழ்நாளில் கண்டதில்லை. மறுநாள் எபிசனுக்குக் கடையிலிருந்து மெயிலில் கடிதம் வந்தது: ‘வருந்துகிறோம். தங்கள் இல்லச் சூழல் உயிரினங்களின் நலனுக்கு உகந்ததல்ல.’

“மீனுக்கா கேட்டான்?” மதிலுக்கு இந்தப்புறம் ராகேல் தலையில் கைவைத்தார். “கல்யாணத்துக்குன்னு நெனச்சில்லா உண்மையச் சொன்னேன். மீனுக்குன்னா நல்லதா நாலு பொய் சொல்லியிருப்பேனே, மக்கா.”

அன்றே கொச்சிக்குப் போன் போட்டுப் பொய் சொல்லப்பட்டது. மிளகாய் அள்ளப்பட்டது, இன்வெர்ட்டர் மாட்டப்பட்டது. எபிசன் ரகசியம் போலப் பேசப் பழகினார். சனிக்கிழமை கொச்சியிலிருந்து ‘நல ஆய்வுக் குழு’ வந்தது. இருவர். தண்ணீரின் சூட்டை அளந்தார்கள். உப்பை அளந்தார்கள். ஒரு மணி நேரம் ஹாலில் மௌனமாக உட்கார்ந்து வீட்டின் ‘மனநிலையை’க் கவனித்தார்கள். பிறகு ஒப்பந்தத்தை நீட்டினார்கள்: ‘மீன் ஒதுங்கி நின்றாலோ, உணவு மறுத்தாலோ, எந்நேரமும் வந்து அழைத்துச் செல்வோம். காரணம் கேட்கக் கூடாது.’

“இதுல்லா நாகரிகம்,” என்று கண்ணைத் துடைத்தபடி எபிசன் கையெழுத்திட்டார். மீன்கள் தொட்டிக்குள் இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மீன்களை வாய்பிளந்து பார்த்தார்கள். இடையிடையே ஜினியையும் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஜெரிஷுக்கு ஆக்லாந்தில் வேலை.

அடுக்களையில் ஜினி ராகேலிடம் கேட்டாள்: “மாமி, அவரு எப்படிப்பட்டவருன்னு யாருட்டயாவது கேட்டாச்சா?”

ராகேல் எபிசனைத் தனியே அழைத்து அதையே கேட்டார்.

“ஆக்லாந்துல இருக்கான்லா எக்கா,” என்றார் எபிசன், மீனுக்கு நோகாத குரலில். “பின்ன என்னத்தக் கேக்க?”

மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர் எவரும் எழும்பவில்லை. ஜினி ஜெரிஷைக் கட்டி ஆக்லாந்து போனாள்.

மீன்கள் சுகம். கொச்சிக் கடை மாதந்தோறும் போன் செய்து, சாப்பிடுகின்றனவா, ஒதுங்கி நிற்கின்றனவா என்று ராகேலிடம் விசாரிக்கிறது. ஜினியைப் பற்றி அப்படி விசாரிக்க ஆக்லாந்தில் ஒரு பக்கத்து வீட்டுக்கும் யாரும் போன் போட்டதில்லை. போட்டிருந்தால் ராகேலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.