ஒரு நாள் மனைவியும் வலது கண்ணும்

கூட ஆள் இல்லாமல் கண்ணில் சொட்டு மருந்து விட முடியாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். மருந்து விட்டால் பார்வை மங்கும். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பாந்தாய் வேண்டும், அதுவும் சொந்தக்காரராக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் சாதாரணக் காய்ச்சல்காரனைச் சுற்றிக்கூட ஒரு கூட்டமே பாந்தாயாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். கிரிஸ்புலோவுக்கு ஒருவரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கனடாவில். வலது கண்ணிலோ பாதி உலகம் காணாமல் போயிருந்தது.

ட்ரைசிக்கிள்காரனை மகனாக்கி அழைத்துப் போனார். தினமும் தன்னை வேலைக்குக் கொண்டுவந்து விடுகிறவனை நர்ஸுக்குத் தெரியாதா? இரண்டு பேரையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு பசிலிசாவை ‘மனாங்’, அக்கா, என்று கூப்பிட்டுக் கெஞ்சினார். அரிசிப் புட்டு அவித்து விற்கும் ஒண்டிக்கட்டை. இதுவரை இருவருக்கும் வேலிக்கு மேல் ஒரு தலையாட்டல்தான் பழக்கம்.

“மனைவின்னு சொல்லுங்க மனாங். எதைக் கேட்டாலும் ஆமான்னுடுங்க.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

விழித்திரையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, உடம்பில் எங்காவது அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருந்தால் இப்படி வரலாம் என்றாள் டாக்டரம்மா. பிறகு மனைவியிடம் திரும்பி, இவருக்கு வாய்ப்புண் வருமா என்று கேட்டாள்.

“ஆமாம் டாக்டர். வந்தா சோறு இறங்காது.”

மூட்டு வீங்குமா?

“காலையில சுவரைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்கணும்.”

கண் சிவக்குமா?

“வெளிச்சமே ஆகாது. விளக்கை அணைச்சுட்டு உட்கார்ந்திருக்கிறதுதான்.”

டாக்டரின் முகம் இருண்டது. உடனே சேர்க்க வேண்டும், கடுமையான மருந்து தர வேண்டும் என்றாள். கிரிஸ்புலோ பதறிப்போய், புண்ணே இல்லை என்று வாயைப் பிளந்து காட்டினார். அந்தப் புண் அப்படித்தான், வந்து வந்து போகும் என்றாள் டாக்டர். மூட்டு நன்றாக இருக்கிறது என்று காட்டக் குந்தி உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

தரையில் இருந்தபடியே உண்மையைக் கக்கினார்.

“இவங்க என் மனைவி இல்லை டாக்டர். எனக்கு யாருமே இல்லை.”

டாக்டர் பசிலிசாவை முறைத்தாள். “அப்ப இல்லாத நோயையெல்லாம் ஏம்மா சொன்னீங்க?”

பசிலிசா நிதானமாகக் கைக்குட்டையை மடித்தாள்.

“இல்லாதது எதையும் சொல்லலை டாக்டர். எல்லாம் எனக்கு இருக்கிறதுதான். இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை. நீங்க கேட்டதும் வாயில வந்துடுச்சு.”